ஆயுத பூஜைக்கு வைத்த பிப்பெட்டுகள்

மலைமேல் ஜமுனாமரத்தூரில் நான் வேலை பார்த்த லேப் ஓர் உரக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. உரக்கடைக்காரர் யூரியாவை ஓர் அறையிலும் பூச்சிமருந்தை இன்னோர் அறையிலும் வைத்திருந்தார். ஒன்றின் வாடை மற்றதில் ஏறிவிடக் கூடாதாம். எங்கள் இயக்குநருக்கு அந்த அளவு புத்தி இருந்திருந்தால் இதை நான் எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

இயக்குநர் என்பது அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பட்டம். ஓர் அறக்கட்டளை பணம் கொடுத்தது. மலை மக்களின் சளியைப் பரிசோதித்துக் காசநோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்வது லேபின் வேலை. அதில் இருந்தது அவர், நான், ஒரு டிரைவர், கூட்டித் துடைக்க ஓர் அம்மா. இந்தப் பட்டாளத்தில் அவர் யாரை இயக்கினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாடிப்படியில் தொங்கிய பெயர்ப்பலகையில் அவருடைய பட்டங்களுக்கு இடம் போதாமல் கடைசி எழுத்துகள் விளிம்பில் நசுங்கிக் கிடந்தன. பெயிண்டரைத் திட்டிப் புதுப் பலகை எழுத வைத்தார். அதிலும் போதவில்லை.

நான் ஒடுகத்தூர்ப் பக்கம். சர்ச்சுக்குப் போகிற குடும்பம். வேலூரில் லேப் டெக்னீஷியன் படித்துவிட்டு, ஒழுங்காக வேலை சொல்லிக்கொடுத்த ஒரு பெரிய லேபில் சில வருஷம் இருந்துவிட்டு மலைக்குப் போனேன். ஏன் போனாய் என்று கேட்டால், வேலை கிடைத்தது, போனேன். சேவை, அர்ப்பணிப்பு என்றெல்லாம் பேச எனக்கு வராது. அதைப் பேச அங்கே ஏற்கெனவே ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்.

நாங்கள் செய்த சோதனைக்குப் பி.சி.ஆர். என்று பெயர். கொரோனா காலத்தில் எல்லார் வாயிலும் அடிபட்ட பெயர்தான். சளிக்குள் கிருமி இருந்தால் அதன் டி.என்.ஏ.வில் ஒரு சின்னத் துண்டை மட்டும் பிடித்து நகல் எடுப்பது. சூடாக்கினால் இரட்டை இழை பிரியும். ஆறவைத்தால் பிரிந்த இழையில் நாம் போட்ட சின்னத் தொடக்கம் போய் ஒட்டும். மறுபடி சூடாக்கினால் அங்கிருந்து நகல் வளரும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். வாரச்சந்தையில் ஒருத்தி இன்னொருத்தி காதில் சொன்ன சேதி பஸ் கிளம்புவதற்குள் மலை பூராவும் தெரிந்துவிடுகிறதே, அது மாதிரி. மிஷின் ஓடி முடியும்போது கண்ணுக்குத் தெரியாத ஒன்று கோடிக்கணக்கில் பெருகி, ஜெல் என்கிற கூழ்த் தகட்டில் பளிச்சென்று ஒரு கோடாகத் தெரியும்.

அருமையான வித்தை. அதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குச் சொந்தப் புத்தி கிடையாது. குழாயில் விழுந்தது நோயாளியின் சளியிலிருந்து வந்ததா, நேற்று எடுத்த நகலில் ஒன்று யார் கையிலோ ஒட்டிக்கொண்டு வந்து விழுந்ததா என்று அது விசாரிக்காது. விழுந்ததைப் பெருக்கிக் கொடுத்துவிடும்.

அதனால்தான் இரண்டு அறை. மருந்து கலந்து குழாயை மூடுவது முன் அறையில். மிஷினில் ஓட்டி, ஓடியபின் குழாயைத் திறந்து ஜெல்லில் விட்டுப் பார்ப்பது பின் அறையில். இப்போதெல்லாம் நல்ல இடங்களில் குழாயைத் திறக்காமலே முடிவு தெரிகிற மிஷின் வந்துவிட்டது. எங்கள் இயக்குநர் யாரோ கழித்துப்போட்ட பழைய மிஷினை வாங்கிவந்து அதற்குத் திறப்பு விழா நடத்தியவர். அதனால் பின் அறையில் குழாயைத் திறக்கும் போதெல்லாம் கோடிக்கணக்கான நகல்கள் மேஜையிலும் கையுறையிலும் பிப்பெட்டிலும் படியும். பிப்பெட் என்பது சொட்டிலும் சின்னச் சொட்டாக உறிஞ்சி எடுத்து விடுகிற கைக்கருவி. பின் அறைப் பிப்பெட் முன் அறைக்கு வந்தால் தொலைந்தது. பேனா வரக் கூடாது, துடைப்பம் வரக் கூடாது. கூட்டுகிற அம்மாவுக்கு ஒரு தடவைதான் சொன்னேன், அதற்கப்புறம் அவர் தவறவே இல்லை. பிப்பெட்டுகள் எல்லாம் பார்க்க ஒரே அச்சு என்பதால் முன் அறைக்குப் பச்சை டேப், பின் அறைக்குச் சிவப்பு டேப் ஒட்டி வைத்திருந்தேன்.

இன்னொரு காவலும் உண்டு. ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் கடைசிக் குழாயில் சளி எதுவும் போடாமல் வெறும் தண்ணீர் வைப்போம். தண்ணீரில் கோடு வரக் கூடாது. வந்துவிட்டால் எங்கேயோ கலப்படம், அன்றைய முடிவுகள் மொத்தமும் குப்பை. இதற்கு மேல் இந்தத் தொழிலில் புரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. இதுவே சிலருக்கு அதிகம்.

அந்த வருஷம் ஆயுத பூஜையைப் பெரிதாகக் கொண்டாட வேண்டும் என்று இயக்குநருக்கு ஆசை வந்தது. கருவிகளை எல்லாம் எடுத்து ஒரே இடத்தில் சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் படைக்க வேண்டும், போட்டோ எடுத்து அறக்கட்டளைக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

"சார், பிப்பெட்டை எல்லாம் ஒண்ணா வைக்கக் கூடாது. ரெண்டு ரூமும் கலந்துடும்" என்றேன்.

"ஒருநாள் சாமி முன்னாடி வெச்சா என்னம்மா ஆயிடப்போகுது?"

"சாமிக்கு ஒண்ணும் ஆகாது சார். முன் ரூமுக்குத்தான் ஆகும். மிஷினுக்கு மட்டும் பொட்டு வைங்க, கதவுக்கு மாலை போடுங்க. பிப்பெட் இருக்கிற இடத்திலயே இருக்கட்டும்."

அவர் சிரித்தார். நான் படி இறங்கும்போது டிரைவரிடம், "அந்தம்மா வேதக்காரங்க இல்லையா, நம்ம பூஜை பிடிக்காது" என்று சொன்னது காதில் விழுந்தது.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் வருஷா வருஷம் ஆயுத பூஜைப் பொரியும் கடலையும் தின்று வளர்ந்தவள் நான். ஆட்டோக்காரர்கள் வண்டிக்குச் சந்தனம் வைப்பார்கள், வாழைக்கன்று கட்டுவார்கள், பூசணிக்காய் உடைப்பார்கள். ஒருவன் வண்டி பிளக்கைக் கழற்றி இன்னொருவன் வண்டியில் மாட்டிவிட்டு அதற்குப் பக்தி என்று பெயர் வைக்க மாட்டார்கள். நான் சொன்னது தொழிலைப் பற்றி. அவருக்குக் கேட்டது என் சர்ச்சு. தொழில் தெரியாதவனுக்கு எதிராளியின் சாதியும் சாமியும் ரொம்ப வசதி. பதில் யோசிக்க வேண்டியதில்லை.

விடுமுறைக்கு ஊருக்கு வந்துவிட்டேன். பூஜையன்று டிரைவர் வாட்ஸாப்பில் போட்டோ அனுப்பினார். மிஷின் நெற்றியில் மூன்று விரல் பட்டை. ஜெல் தட்டுக்குக்கூடக் குங்குமம். நடுவில் ஒரே தலைவாழை இலையில் லேபிலிருந்த அத்தனை பிப்பெட்டுகளும் படுத்துக் கிடந்தன. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. டேப் அழுக்காகத் தெரிகிறது, போட்டோவுக்கு நன்றாக இருக்காது என்று சார் உரிக்கச் சொன்னாராம்.

உடனே போன் போட்டேன். இயக்குநர் எடுக்கவில்லை. 'நான் வரும்வரை எதையும் ஓட்ட வேண்டாம், பிப்பெட்டுகளைத் தொட வேண்டாம்' என்று மெசேஜ் அனுப்பினேன். கைகூப்பும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

மறுநாள் விஜயதசமி. குழந்தைகளுக்கு அரிசியில் எழுதப் பழக்குகிற நாள். எங்கள் இயக்குநரும் அன்றைக்குத்தான் எழுதப் பழகினார். நல்ல நாளில் தன் கையால் ஒரு சோதனை ஓட்டினால் லேபுக்கு யோகம் என்று, வருஷக்கணக்காகப் பிப்பெட் தொடாத மனிதர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு முன் அறையில் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் அதையும் போட்டோ எடுத்தார். இலையிலிருந்து கைக்கு வந்த பிப்பெட்டை எடுத்து வேலை பார்த்திருக்கிறார். சந்தனப் பொட்டோடு.

ஃபிரிட்ஜில் அன்று நான்கு பேருடைய சளி இருந்தது. மூன்று பேர் வேறிடத்தில் ஏற்கெனவே காசநோய் உறுதியானவர்கள். நான்காவது, மலையிலேயே இருக்கிற ஓர் உண்டு உறைவிடப் பள்ளியின் சமையல்காரப் பெண்மணியுடையது. பள்ளிச் சமையலறையில் வேலை செய்பவர்களுக்கு எங்கள் லேபில் வருஷத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு, அதற்காகக் கொடுத்தது. இருமலே இல்லாத ஆளிடம் சளி கேட்டால் என்ன வரும்? எச்சில்தான் இருந்தது டப்பாவில்.

நான்கிலும் கோடு வந்தது. நான்காவது பெயரைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகள் சாப்பிடுகிற சமையலறையில் ஒளிந்திருந்த நோயை விஜயதசமியன்று தன் கையால் கண்டுபிடித்துவிட்டார்! அன்று சாயங்காலமே தலைமையாசிரியருக்குப் போன் போனது, அறக்கட்டளைக்குச் சேதி போனது. அடுத்த நாள் மலையெல்லாம் அதே பேச்சு. அந்தப் பெண்மணிக்குக் காசநோய் மாத்திரையும் ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேரே மாடிக்குப் போய்க் கம்ப்யூட்டரில் ஜெல் படத்தைத் திறந்தேன். ஐந்து வரிசை. ஐந்திலும் கோடு. கடைசி வரிசை தண்ணீர்.

"சார், தண்ணியிலயும் கோடு வந்திருக்கு."

"லேசாத்தானேம்மா இருக்கு."

"தண்ணிக்கு லேசா டி.பி. வராது சார்."

"அந்த மூணு பேருக்கும் சரியா காட்டுது இல்ல? அப்போ மிஷின் சரியாத்தானே வேலை செய்யுது?"

வருகிறவன் போகிறவன் எல்லாரையும் பார்த்துக் குரைக்கிற நாய், திருடன் வந்தாலும் குரைக்கத்தான் செய்யும். அதை வைத்து நாயைக் காவலில் கெட்டிக்காரன் என்று மெச்ச முடியுமா? இதை அவரிடம் சொன்னேன். நான் நாய் என்று சொன்னது யாரை என்பதில்தான் அவர் கவனம் போனது. அவர் அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ஒட்டியிருந்த படத்தில் நான்கு வரிசைதான் இருந்தது. ஐந்தாவதை வெட்டிவிட்டிருந்தார். பிப்பெட் பிடிக்கத் தெரியாது, தண்ணீர் எதற்கென்று தெரியாது, கத்தரிக்க மட்டும் தெரிந்திருக்கிறது.

இரண்டு அறையையும் பிளீச்சிங் போட்டுத் துடைத்தேன். திறந்திருந்த மருந்துகளைக் கொட்டினேன். முன் அறைக்குப் புதுப் பிப்பெட் வரும்வரை காத்திருந்து, மீதியிருந்த அதே நான்கு மாதிரிகளையும் புதுத் தண்ணீரோடு ஓட்டினேன். மூன்று பேருக்குக் கோடு. தண்ணீர் சுத்தம். சமையல்காரப் பெண்மணியும் சுத்தம். படத்தைக் கொண்டுபோய் இயக்குநர் மேஜையில் வைத்தேன்.

நெடுநேரம் பார்த்துவிட்டு, "மாதிரி பழசாயிடுச்சு, அதான் கிருமி தெரியல" என்றார்.

"அதே ஃபிரிட்ஜ்ல இருந்த மத்த மூணும் பழசாகலையா சார்?"

"எல்லாத்துக்கும் ஏட்டிக்குப் போட்டி பேசாதீங்கம்மா. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டா யாரும் செத்துட மாட்டாங்க."

அவருக்குச் சாவது ஒன்றுதான் நஷ்டம். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் கணக்கில் வராது.

அடுத்த நாள் அந்தப் பெண்மணியே படியேறி வந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், நன்றாகத் திடமான உடம்பு, மலையில் சாமையும் கொள்ளும் விதைக்கிற குடும்பம். கையில் மாத்திரைப் பொட்டலம் இருந்தது.

"இன்னா மேடம், எனக்கு இருமலே இல்ல, ஜொரமும் இல்ல. நல்லா துன்றேன், நல்லா தூங்கறேன். எப்டி வந்துச்சி இது?"

"வரலக்கா" என்றேன். "உங்களுக்கு ஒண்ணும் வரல. தப்பு எங்க லேபுல நடந்தது."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்ப அத்தயே எய்திக் குடுங்க மேடம். சமையக்கட்டுக்குள்ள வராதன்னு சொல்லிட்டாரு பெரிய சாரு. புதுசா வந்த பொம்பள சோத்த குழைய வெச்சி வெக்குதாம். புள்ளைங்க துன்ன மாட்டேங்குதாம்."

அன்றைக்கும் அதற்குப் பிறகும் அவர் பேச்சில் பிள்ளைகள்தான். எந்தப் பிள்ளை கத்தரிக்காயை ஒதுக்கும், எது வீட்டு நினைப்பு வந்தால் சாப்பிடாமல் படுத்துக்கொள்ளும், எதற்கு அடிப்பிடித்த சோறு பிடிக்கும் என்று அவர் சொல்லக் கேட்டால், இந்த மனுஷியை அந்த அடுப்படியிலிருந்து வெளியே அனுப்ப வைத்த இயக்குநர் மேல் இன்னும் வெறுப்பு ஏறும்.

நான் எழுதிக் கொடுத்தால் செல்லாது. தலைமையாசிரியரை நேரில் போய்ப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது நம்பறேன்மா. ஆனா பெத்தவங்க நம்பணுமே. ரிப்போர்ட் போட்டவரே தப்புன்னு எழுதிக் குடுக்கட்டும், மறுநாளே கூப்பிட்டுக்கறேன்" என்றார். அந்தப் பெண்மணியை மலைக்குக் கீழே ஓர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், குழாய் திறக்காத மிஷினில் சளியைப் பார்த்தார்கள். நுரையீரல் சுத்தம், கிருமி இல்லை. டாக்டரே மாத்திரையை நிறுத்தச் சொன்னார். அந்தச் சீட்டோடு மறுபடி பள்ளிக்குப் போனோம். கூடியிருந்த பெற்றோரில் ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்ப இல்லன்னுதானே போட்டுக்கீது? மாத்திரை துன்னதால போயிருக்கும். அப்ப இருந்துச்சி இல்ல?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. இப்போது இல்லை என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அப்போதும் இல்லை என்று எழுத ஒரே ஒருவரால்தான் முடியும். அவர் மாடியில், அந்தக் கண்டுபிடிப்புக்காகப் போர்த்திய பொன்னாடைகளைப் பீரோவில் மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

ஊரிலும் நிலைமை அதே. குழாயடியில் அந்தப் பெண்மணி குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் தள்ளி நின்றன. வீட்டில் ஒரு விசேஷத்துக்கு ஆக்கிப்போட யார் கூப்பிட்டாலும் போகிறவர், இப்போது கூப்பிட ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தார். நான் இயக்குநரை விடவில்லை. காலையில் ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை கேட்டுக்கொண்டே இருந்தேன். என் வாயை அடைக்க ஒருநாள் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. லேபுக்குப் பின்னால் விருந்தினர் தங்க ஒரு வாடகை வீடு இருந்தது. அதற்குச் சமையல் ஆள் வேண்டும். அந்தப் பெண்மணிக்கே அந்த வேலையைக் கொடுப்பதாகச் சொன்னார்.

"வேற யார் செய்வாங்க சொல்லுங்க? மனுஷாபிமானம்னு ஒண்ணு இருக்கு இல்லையா?"

நெருப்பை வைத்துவிட்டு வெந்நீர் கொடுக்கிற மனிதர். வேண்டாம் என்று அந்தப் பெண்மணியிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை.

"அங்க குந்திக்கினு தெனம் கண்ணுல பட்டுக்கினே இருந்தா ஒருநாளு எய்திக் குடுத்துடுவாரு மேடம். தூரமா கீற ஆள மறந்துடுவாங்க" என்றார்.

அப்படியே வேலைக்கு வந்தார். தினமும் மத்தியானம் இயக்குநருக்குச் சோறு போடும்போது, "சார், அந்தக் காயிதம்" என்பார். இவர், "பார்க்கலாம்மா" என்பார். குழம்பு ஊற்றச் சொல்லுவார். கீரை நன்றாக இருக்கிறது என்பார். இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொல்லுவார்.

இந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிருமி என்றால் அவருக்கு அப்படி ஒரு பயம். நிஜமான நோயாளி யாராவது படியேறினால் மாஸ்க் மேல் மாஸ்க் போட்டுக்கொள்ளுவார். அவர்களை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசுவார். அவர்கள் உட்கார்ந்துவிட்டுப் போன நாற்காலியை மொட்டைமாடி வெயிலில் போடச் சொல்லுவார். பஸ்ஸில் பக்கத்தில் ஒருவர் இருமினால் இறங்கி அடுத்த பஸ்ஸில் வருகிற ஆள். அவர்தான் இங்கே வாழையிலையில் வழித்து வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் அந்தப் பெண்மணியை வைத்து வேறொரு வியாபாரமும் ஆரம்பித்தார். சென்னையிலிருந்து யார் வந்தாலும் அவரைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவார். "இவங்க பள்ளிக்கூடத்துல சமைச்சுக்கிட்டிருந்தாங்க. எங்க லேபுதான் கண்டுபிடிச்சது. இப்போ குணமாயிட்டாங்க. பாருங்க, நானே தினமும் இவங்க கையாலதான் சாப்பிடறேன்" என்பார். வந்தவர்கள் ஆகா என்பார்கள். தோளோடு தோளாக நிற்க வைத்துப் போட்டோ எடுப்பார்கள். அந்தப் பெண்மணி கரண்டியோடு நிற்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். காகிதம் வர வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அதைப் பார்க்கவே முடியாது. ஒருநாள் போட்டோ எடுக்கும்போது நான் குறுக்கே நடந்து போனேன். என்னால் அப்போது செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அறக்கட்டளையிலிருந்து ஒரு பெரிய டாக்டரம்மா லேபைப் பார்க்க வந்தார். அடுத்த வருஷம் பணம் தருவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறவர். நரைத்த தலை, அதிகம் பேசாத ஆள். காலையெல்லாம் லேபைச் சுற்றிக் காட்டிவிட்டு மத்தியானம் விருந்தினர் வீட்டில் சாப்பாடு. என்னையும் உட்காரச் சொன்னார். சாமைச் சோறு, கொள்ளுக் குழம்பு, முருங்கைக்கீரை, ரசம். டாக்டரம்மா முதல் வாய் வைத்துவிட்டு, "சமையல் ரொம்ப நல்லா இருக்கே" என்றார்.

அந்த வார்த்தைக்காகத்தான் இயக்குநர் காத்திருந்தார். பாட்டை ஆரம்பித்தார். பள்ளிக்கூடம், விஜயதசமி, தன் கையால் ஓட்டியது, பிள்ளைகளைக் காப்பாற்றியது. காசநோய் என்ற வார்த்தை வந்ததும் டாக்டரம்மாவின் கை இலையில் நின்றுவிட்டது. டாக்டர்தான், படித்தவர்தான். இருந்தாலும் நின்றது. சமையல்காரரை ஒரு பார்வை பார்த்தார், இலையை ஒரு பார்வை பார்த்தார்.

அந்தப் பெண்மணி அதைக் கவனித்துவிட்டார். குழாயடியிலும் பள்ளிக்கூடத்திலும் பார்த்துப் பார்த்துப் பழகிய பார்வை அது.

"பயப்படாதீங்க மேடம், நானே தினமும் சாப்பிடறேன்" என்று இயக்குநர் சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு காட்டினார்.

"ஆமாங்கம்மா, பயப்படாம துன்னுங்க" என்றார் அந்தப் பெண்மணி. குரலில் கோபமே இல்லை. "எனக்கு அந்த நோவு எப்பவுமே வந்ததில்ல. சாருக்கு நல்லாத் தெரியும். தெரியாம இருந்தா நான் ஆக்குனத அவரு துன்னுவாரா?"

இயக்குநர் பேசியிருப்பார், ஆனால் வாய் நிறையச் சோறு. டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "அப்படியா?" என்றார்.

"ஆமாம் மேடம். ஜெல் படம் கம்ப்யூட்டர்ல அப்படியே இருக்கு. வெட்டாத படம். நான் திரும்ப ஓட்டின படமும் இருக்கு. சாப்பிட்டுட்டு வாங்க, காட்டறேன்" என்றேன்.

இயக்குநர் எப்படியோ விழுங்கிவிட்டு, அது ஒரு சின்ன டெக்னிக்கல் விஷயம் என்று ஆரம்பித்தார். டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்து அடுத்த வாய் வைத்தார், அதற்கடுத்ததும் வைத்தார். குழம்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சாப்பிட்டுக்கொண்டே, "அந்த ரிசல்ட் தப்புன்னு இன்னிக்கே எழுதிக் குடுத்துடுங்க சார்" என்றார்.

"கண்டிப்பா மேடம், சாப்பிட்டு முடிச்சதும்..." என்று இயக்குநர் இலையை ரசத்துக்காக ஒதுக்கிக் குழி செய்தார்.

சமையல்காரப் பெண்மணி ரசச் சட்டியோடு பக்கத்தில்தான் நின்றார். கரண்டியை அதற்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

"மொதல்ல எய்திட்டு வந்து குந்துங்க சார். அப்பறம் ஊத்தறேன்."